வானத்துக்குப் பின்னால் ஒரு முகம்

எங்கள் ஊர்ப் பெடியன்கள் எதையும் எறியமாட்டார்கள். தேர்தல், ரியூஷன், சாமத்திய வீடு என்று சந்தியில் கட்டிய பிளாஸ்டிக் பனர்களை எல்லாம் சுருட்டி, மாதா கோவில் களஞ்சிய அறையில் அடைத்து வைத்திருந்தார்கள். தவக்காலம் வந்தால் இயேசுவின் திருப்பாடுகளின் நாடகத்துக்குக் காட்சி கட்டும் வேலை என் தலையில்தான் விழும். இந்த முறை துணி வேண்டாம், பனர்களின் வெள்ளைப் பின்பக்கத்தில் வரையுங்கோ என்றார்கள்.

பனரில் பெயின்ற் ஒட்டாது என்று முதலிலேயே சொன்னேன். யார் கேட்டது? மணல்தாளால் தேய்த்துப் பூசினால் காய்ந்ததும் உரியும். மறுபடி தேய்ப்பேன். எங்கள் தாழ்வுபாட்டுக் கடற்கரையின் உப்புக் காற்றைத் திட்டிக்கொண்டே எருசலேம் மதிலை ஒருவாறு நிற்க வைத்தேன். வானம்தான் பெரிய தலையிடி. பெடியன்கள் நாலைந்து பனர்களைப் பொருத்தி, வெள்ளைப் பக்கம் எனக்குத் தெரியும்படி சட்டத்தில் அடித்துத் தந்தார்கள். அச்சடித்த பக்கத்தை நான் பார்க்கவேயில்லை. உயிர்ப்புக் காட்சியில் பின்னாலிருந்து வெளிச்சம் வந்து பொழுது விடியவேண்டும் என்பதால், நீலத்தை மெல்லிசாகவே பூசினேன்.

கடைசி ஒத்திகையில் பின்விளக்கைப் போட்டார்கள். கல்லறைக்கு மேலே, வானத்தின் நடுவில், ஒரு பெடியன் சிரித்துக்கொண்டிருந்தான்.

மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் அவனைத் தெரியும். போன மாரியில் கடல் தொழிலுக்குப் போனவன். படகு கரைக்கு வந்தது, அவன் வரவில்லை. கூட்டாளிகள் கண்ணீர் அஞ்சலிப் பனர் கட்டினார்கள். "என்ர பிள்ளை சாகேல்ல" என்று தாய் அதை அன்றைக்கே அறுத்து விழுத்தினார். அதையும் பெடியன்கள் எறியவில்லை. அந்தத் தாய்தான் எங்கள் நாடகத்துக்கு உடுப்புத் தைக்கும் அக்கா. விளக்கைப் போட்டபோது முன்கதிரையில் இருந்து யூதாசின் அங்கிக்குக் கரை மடித்துக்கொண்டிருந்தார்.

விளக்கை நிற்பாட்டச் சொல்லிக் கை காட்டினேன்.

"நிப்பாட்டாதை தம்பி," என்றார் அக்கா. "கொஞ்சம் நிக்கட்டும்."

விளக்கை எரியவிட்டோம். எனக்கு அழுகை வந்தது. அதைவிட, பெடியன்களைப் பிடித்து அறையவேண்டும்போல ஆத்திரம் வந்தது. ஆனால் அவர்களும் சுவரோடு ஒட்டிக்கொண்டு அழுதபடி நின்றார்கள். அவர்களுடைய கூட்டாளிதானே. அக்கா மட்டும் அழவில்லை, ஊசி குத்திய துணியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தார்.

"இன்னொருக்காப் பூசி விடட்டே அக்கா?" என்று கேட்டேன். வேறு என்னதான் கேட்பது?

"என்ர பிள்ளைக்கு மேலயோ?"

அதற்குப் பிறகு பிரஷைத் தொட எனக்குக் கை வரவில்லை. கழற்றி எறிந்தால் வானமே இல்லை, புதிதாகக் கட்ட நேரமும் இல்லை. பாதரிடம் போனேன். அவர் வந்து சட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் பின்பக்கம் கறுப்புத் துணி அடித்தோம். அந்த முறை எங்கள் ஊரில் ஆண்டவர் பொழுது விடியாமலே உயிர்த்தார். லைற் பழுதோ என்று சனம் கேட்டது. ஓம் என்றேன்.

நாடகம் முடிந்த மறுநாள் காலை சட்டங்களைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தார்.

"அவன்ர படத்தை வெட்டித் தா தம்பி."

பனரைத் திருப்பிப் போட்டேன். அப்போதுதான் அதை முழுதாகப் பார்க்கிறேன். இடப்பக்கம் தோற்றம், வலப்பக்கம் மறைவு, இரண்டுக்கும் கீழே திகதி. மறைவு என்ற சொல்லும் திகதியும் அவனுடைய தோளின்மேல் அச்சாகியிருந்தன. அக்கா அதன்மேல் விரலை வைத்தார்.

"இதை எடுத்துப்போட்டுத் தா."

நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். என் பெயின்ற் எல்லாம் சும்மாவே உரிந்துபோன பனரில், அந்த எழுத்து மட்டும் அசையவில்லை.

"அக்கா, அதை எடுத்தா தோளும் சேந்து போயிடும்."

அவர் குந்தியிருந்து பனரின் மறுநுனியை இறுக்கிப் பிடித்தார்.

"தோள் போனாப் போகட்டும்," என்றார். "வெட்டு."