குதிரைக்காரன் சொல்லாத வார்த்தை

கல்யாணமாகி நாற்பதாவது நாள் நான் சவூதிக்கு விமானம் ஏற வேண்டும். மேலப்பாளையத்தில் எங்களைப் போன்ற மாப்பிள்ளைகளுக்கு அப்போது அதுதான் வழக்கம். பாதி நாட்கள் சொந்தக்காரர் வீட்டு விருந்துகளில் போயின. மிச்சப் பகல்களில் நானும் மனைவியும் வீட்டிலிருந்த ஒரே சிடியைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். அது ஒரு பழைய ஆங்கிலக் குதிரைக்காரப் படம்.

அதில் துப்பாக்கி ஒரே ஒரு தடவைதான் சுடும், அதுவும் பாம்பை. மழை பொய்த்துப்போன பண்ணையில் ஒரு பெண்ணும் கால் வழங்காத அவள் தகப்பனும் இருப்பார்கள். வழிப்போக்கனாக வந்த குதிரைக்காரன் அங்கே தங்கிக் கிணறு வெட்டுவான். ஊற்றுக் கண் திறந்ததும் கிழவனை முதுகில் சுமந்துபோய்த் தண்ணீரைக் காட்டுவான். எத்தனையாவது தடவையானாலும் என் மனைவி அந்த இடத்தில் அழுதுவிடுவாள். அவள் ராதாபுரம் பக்கம். "எங்க ஊரு மாதிரியே இருக்கு, பனைதான் இல்ல" என்பாள்.

ஆங்கிலப் பேச்சு அவளுக்குப் பிடிபடாது. பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் தமிழில் சொல்லிக்கொண்டு வருவேன். அவளுக்கு அதில் பெருமைகூட உண்டு.

முதல் தடவை பார்த்ததற்கு முந்தின நாள்தான் அவளுக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்த கடிதம் வந்திருந்தது. தாய் வீட்டில் இருந்துகொண்டு போய்வர வேண்டும். "சேரட்டுமா?" என்று கேட்டாள். என் உம்மாவுக்குத் துணையாக அவள் எங்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது என் ஆசை. வாய்விட்டுச் சொன்னால் சின்னத்தனமாகத் தெரியும். பார்க்கலாம் என்று மழுப்பிவிட்டேன்.

படத்தின் கடைசியில் மழை வந்ததும் குதிரைக்காரன் கிளம்புவான். "எனக்காகக் காத்திருக்காதே" என்பான். "காத்திருக்க எனக்கு நேரம் ஏது?" என்று பண்ணைப் பெண் சிரிப்பாள். நான் மனைவியிடம் சொன்னது வேறு. "அடுத்த மழைக்கு வந்திருதேன்னு அவன் சொல்லுதான். காத்திருக்கேன்னு அவ சொல்லுதா."

அத்தோடு படம் முடிந்திருக்கக் கூடாதா? அடுத்த காட்சியில் அந்தப் பெண் மாட்டுக் கொட்டகையைப் பெருக்கி, ஊர்ப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் நடத்துவாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். "அவன் வார வரைக்கும் பொழுது போகணுமில்லா, அதுக்குத்தான்" என்றேன்.

அவள் பயிற்சியில் சேரவில்லை. "நீங்க போயி வர ரெண்டு வருசந்தானே" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். அந்த ரெண்டு வருசம் பத்தொன்பது வருசம் ஆனது. இடையில் விடுமுறைக்கு வருவேன், பெட்டி பிரிப்பேன், போய்விடுவேன். வந்தபோதெல்லாம் அந்தப் படத்தைப் போட்டாள். நானும் வெட்கமில்லாமல் அதே பொய்யை அதே இடத்தில் சொன்னேன்.

இப்போது ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டேன். போன மாதம் ஒரு மத்தியானம் டிவியில் அதே படம் தமிழ்ப் பேச்சோடு ஓடியது. அவள் கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தாள். ரிமோட்டை எடுக்கக் கை போனது, எடுக்கவில்லை. மழை பெய்தது. குதிரைக்காரன் நல்ல கணீர்த் தமிழில் "எனக்காகக் காத்திருக்காதே" என்றான். அந்தப் பெண்ணும் பதில் சொன்னாள். பிள்ளைகள் வந்து கொட்டகையில் உட்கார்ந்தார்கள்.

என் மனைவி கீரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நான் அன்னைக்கு உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள். "நீங்க போன மூணாம் வருசமே தெரியும். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுதப்ப அவ மூஞ்சியப் பாருங்க. காத்திருக்கவ மூஞ்சியா அது? அந்த மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"பொறவு ஏன் ஒரு தடவகூட எங்கிட்ட கேக்கல?"

அவள் ஆய்ந்த கீரையை அள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"லீவுல வந்தா பெட்டி பிரிக்கவும் கட்டவுமே சரியாப் போவும். மத்த நாள்ல வாரத்துக்கு ஒருக்க மூணு நிமிசம் போன்ல பேசுவிய. அதுல போயி இதையா கேக்க?"