வாயை மூடிக்கொள்ளத் தெரிந்த வழிகாட்டி

இரண்டு பேரைச் சேர்த்து வைக்கிற தொழிலில் கல்யாணத் தரகருக்காவது கமிஷனும் கல்யாணச் சாப்பாடும் உண்டு. எங்களுக்கு இரண்டு பக்கத்துத் திட்டு மட்டும்தான்.

சுனாமிக்குப் பிறகு கடலூரில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்தின் போர்டு மேல்தான் விழ வேண்டும் என்றாகிவிட்டது. அப்படி ஒரு போர்டு மாட்டிய மஞ்சக்குப்பம் மாடி ஆபீசில் நான் சில வருஷம் குப்பை கொட்டினேன். தங்கள் ஊர்த் தண்ணீருக்கோ மண்ணுக்கோ ஏதாவது செய்ய நினைக்கிற இளைஞர்களைத் தேடிப் பிடிப்பது, ஒவ்வொருவருக்கும் அந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்ட ஒருவரை ஒரு வருஷத்துக்கு வழிகாட்டியாகச் சேர்த்து வைப்பது, இதுதான் வேலை. சென்னை ஆபீசிலிருந்து வரும் காகிதங்களில் அந்தப் பிள்ளைகளுக்கு 'வளரும் சுற்றுச்சூழல் தலைவர்கள்' என்று பெயர். ஊரில் அவர்களுக்குக் கிடைத்த பெயர்களை இங்கே எழுத முடியாது.

நான் ஒரே ஒரு விதி போட்டிருந்தேன். இளைஞர் பேச வேண்டிய இடத்தில் வழிகாட்டி வாயைத் திறக்கக் கூடாது. முப்பது வருஷம் மீட்டிங்கில் பேசியே ரிட்டயர் ஆனவர்களிடம் போய் இந்த விதியைச் சொல்லிப் பாருங்கள், நான் பட்ட பாடு தெரியும். இதே மாதிரி வேலையில் மாட்டிக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொள்ளும் நண்பர்களே, இது உங்களுக்காகத்தான்.

பெண் பார்த்த படலம்

கலைவாணி காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஊர்க்காரி. டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் எம்.எஸ்ஸி. முடித்தவள். இன்டர்வியூவுக்கு வந்தவளிடம், "உங்க ஊர்ல என்னம்மா பிரச்சினை?" என்றேன். அவ்வளவுதான், மூச்சு விடாமல் கொட்டினாள். தெருக் கோடியில் ஒரு ரைஸ் மில். புழுங்கல் அரிசிக்காக நெல்லை ஒன்றரை நாள் ஊறப்போட்டு, அந்த நாற்றத் தண்ணீரை அப்படியே வாய்க்காலில் திறந்து விடுகிறார்கள். கீழ்மடை வயலில் பயிர் பச்சைப் பசேலென்று வளர்கிறது, கதிரில் பாதி பதர். மனு எழுதி மில்லை இழுத்து மூட ஊரே தயார். பொங்கல் வரைக்கும் பொறுப்பது என்று பேச்சு.

"அப்ப மனுவே போதுமே, நீ எதுக்கு?" என்றேன், வேண்டுமென்றேதான். அந்த மில் களத்தில் நெல் காய வைக்கிற பெண்களில் அவள் அம்மா அஞ்சலையும் ஒருத்தி. அப்பா இல்லாத வீடு. அந்தக் களத்துக் கூலியில்தான் இவள் எம்.எஸ்ஸி.யே படித்திருக்கிறாள். தெருவில் பாதி வீட்டு அடுப்பு அந்த மில்லை நம்பித்தான் எரிகிறது. கலைவாணி நாற்காலி நுனிக்கு வந்தாள்.

"மில்லும் ஓடணும், வாய்க்காலும் நாறக் கூடாது. ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னு சொல்ற ஆளா இருந்தா எனக்கு ஜோடி போடாதீங்க மேடம்!"

அஞ்சாவது சாப்டர்

முதலில் அவளுக்கு நான் பார்த்த மாப்பிள்ளை, மன்னிக்கவும், வழிகாட்டி, அண்ணாமலை நகரில் குடியிருந்த ஒரு ரிட்டயர்டு புரொபசர். தண்ணீர் மாசு பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. சனிக்கிழமைதோறும் கலைவாணி போனாள். அவர் வீட்டம்மா சுடச்சுட வடையும் காபியும் கொடுத்தார். புரொபசர் பாடம் எடுத்தார். தண்ணீர் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்தார்.

ஐப்பசி மழையும் ஆரம்பித்துவிட்டது, மில் பக்கம் ஒரு எட்டுகூட இவர்கள் போனதாகத் தகவல் இல்லை. என்னதான் நடக்கிறது என்று நானே ஒரு சனிக்கிழமை போய் எட்டிப் பார்த்தேன். அவர் எழுதிக்கொண்டிருந்த புத்தகத்துக்கு இந்தப் பெண் புரூஃப் திருத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கில் எனக்கு வடை தொண்டையில் சிக்கியது. "சார், அந்த மில்லு விஷயம்..." என்று இழுத்தேன். அவர் பாவம், பிரியமாகத்தான் சொன்னார்.

"தங்கமான பொண்ணும்மா. மில்லு எல்லாம் அஞ்சாவது சாப்டர்ல வருது. அதுக்குள்ள அவசரப்பட்டா எப்படி?"

இளநீர் உபசாரம்

இரண்டாவதாக ராமலிங்கம் சாரைப் பிடித்தேன். கடலூரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் கழிவுநீரைச் சுத்தம் பண்ணும் பிரிவை ஆயுசு முழுக்கப் பார்த்தவர். "கம்பெனிக்காரரையா போடறீங்க? உருப்பட்ட மாதிரிதான்" என்று ஆபீசில் எல்லோரும் என்னை முறைத்தார்கள். முறைக்கட்டும். அழுக்குத் தண்ணியில் கை வைத்தவர் வேண்டும், பக்கம் புரட்டினவர் வேண்டாம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

மனுஷன் முதல் நாளே விஷயத்துக்கு வந்துவிட்டார். பச்சைத் தண்ணீரில் நாள் கணக்கில் ஊறுவதால்தான் நெல் புளித்து நாறுகிறது. தண்ணீரைச் சூடு பண்ணி ஊறவைத்தால் மூணு நாலு மணி நேரம் போதும், நாற்றம் பிடிக்காது. மில்லில் பாய்லர் இருக்கிறது, நீராவிக் குழாய் ஒன்றைத் தொட்டிக்குத் திருப்பினால் ஆச்சு. மிச்சத் தண்ணீரை ஒரு குழியில் தெளியவிட்டு அனுப்பலாம். கலைவாணி கண்ணில் அப்போதுதான் வெளிச்சமே வந்தது. முதலில் வாய்க்கால் தண்ணீரை பாட்டிலில் பிடித்து லேபுக்குக் கொடுப்பது, அந்தக் கணக்கை வைத்து மில்லுக்காரரிடம் பேசுவது என்று இரண்டு பேரும் திட்டம் போட்டார்கள். நானும் கூடப் போனேன்.

போனால் வாய்க்கால் பளிங்கு மாதிரி ஓடுகிறது. சுற்றிலும் பிளீச்சிங் பவுடர் வாசனை. மில்லுக்காரர் கோவிந்தசாமி வெள்ளைச் சட்டையும் இளநீருமாக வாசலில் நின்றார். கலைவாணியும் நானும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம். அவர் நேராக ராமலிங்கம் சாரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க சார், வாங்க! நேத்து போன்ல சொன்ன மாதிரியே கரெக்டா பத்து மணிக்கு வந்துட்டீங்களே!"

விவாகரத்து

சார் முந்தின பஸ்ஸில் போய்விட்டார்; கலைவாணி வீட்டுக்குப் போகாமல் என்னோடு கடலூர் பஸ் ஏறினாள். கடலூரில் இறங்கியதும் வெடித்தாள். "அந்த ஆளு மொகத்துலயே முழிக்க மாட்டேன் மேடம். வேற ஆள போடுங்க, இல்லனா நான் தனியாவே பாத்துக்கறேன்." எனக்கும் கொதிப்புதான். ஆனால் பிரிவதென்றால் நேரில் சொல்லிவிட்டுப் பிரியட்டும் என்று புதுப்பாளையத்தில் அவர் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினேன். சொன்னாள். அடேயப்பா, ஒரு சொல் மிச்சம் வைக்கவில்லை. மில்லில் சம்பளம் வாங்குகிறீர்களா என்றுகூடக் கேட்டுவிட்டாள்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் கம்பெனியில் ஒரு பழக்கமாம். ஆபீசர் யாராவது பார்க்க வருகிறார் என்றால் முந்தின நாளே போன் வந்துவிடும். போன் வந்தால் தொட்டியெல்லாம் கழுவி, புது மண் கொட்டி, இளநீர் வாங்கி வைப்பார்கள். ஒரு இடத்துக்குப் பார்வையிடப் போனால் சொல்லிவிட்டுப் போவதுதான் மரியாதை என்று இவருக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. வஞ்சகம் ஒன்றுமில்லை, பாழாய்ப்போன பழக்கம். "இனிமே சொல்லாம போவோம். நீங்க ஒரு வார்த்த பேசக் கூடாது. சம்மதம்னா வாங்க" என்றாள் கலைவாணி. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"ரிட்டயர் ஆயிட்டேன்னுதாம்மா இவ்ளோ நாளா நெனச்சிக்கிட்டு இருந்தேன். இன்னும் ஆவல போலருக்குது."

வெற்றிலை விரதம்

அடுத்த தடவை சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கினோம். தொட்டியைத் திறந்துவிட்ட நேரம். அந்த நாற்றமே போதும், லேப் கணக்கு எதுவும் தேவைப்படவில்லை. கோவிந்தசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. பொட்டைப் பிள்ளை பேச்சைக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டீர்களா என்று எகிறினார். "சார், நீங்க பெரியவரு, நீங்க சொல்லுங்க" என்று ராமலிங்கம் சார் பக்கம் திரும்பினார். சார் வாய் நிறைய வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, வாயைக் காட்டி, பேச முடியாது என்று கையை விரித்தார். விதியைக் காப்பாற்ற பஸ் ஸ்டாண்டிலேயே வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார், புண்ணியவான்!

வேறு வழியில்லாமல் கோவிந்தசாமி கலைவாணியிடம் பேசினார். அவளும் பதறாமல், சுடுதண்ணி, நீராவிக் குழாய், தெளியவிடும் குழி என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். "சுடுதண்ணியில அரிசி பழுப்படிச்சா ஒரு வியாபாரி தொட மாட்டான் தெரியுமா? ஒரு தொட்டி தரேன். கெட்டுப்போச்சுன்னா நாளையிலேர்ந்து உங்க அம்மா என் களத்துல கால வெக்கக் கூடாது. சம்மதமா?" என்றார். நான் அவள் கையைப் பிடித்து இழுப்பதற்குள் "சம்மதம்" என்று சொல்லிவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. ராமலிங்கம் சார் வெளியே ஓடி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"நான் பேசியிருந்தாக்கூட இவ்ளோ மோசமா பேரம் பேசியிருக்க மாட்டேனேம்மா!"

பழுப்பு

கெட்டுத்தான் போனது. நீராவியைத் திறந்துவிட்ட ஆள் டீ குடிக்கப் போய்விட்டான். தண்ணீர் தளதளவென்று கொதித்து, நெல் வாய் பிளந்து, அரைத்த அரிசி பழுப்பாக வந்தது. அஞ்சலையை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் நானும் ராமலிங்கம் சாரும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். கலைவாணி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், அழுது கண் வீங்கியிருந்தது. என் திட்டத்தால் ஒரு வீட்டுச் சோற்றில் மண் விழுந்துவிட்டது. "நான் போய் மொதலாளி கால்ல கையில வுழுந்தாவது பேசறேம்மா, இது இத்தோட போதும்" என்று ஆரம்பித்தேன். அஞ்சலை முறத்தைக் கீழே வைத்தார்.

"வேல போனா போவுது மேடம், நடவு இருக்குது, களை இருக்குது, எங்கயாவது போறேன். இவ பாதியில வுட்டுட்டு வந்து குந்திக்கிட்டா அதான் எனக்குக் கேவலம். எழுந்து போவச் சொல்லுங்க!"

முதலாளி தெருவுக்கு வந்தார்

கலைவாணி எழுந்து போனாள். இன்னொரு தொட்டி கேட்டாள். கோவிந்தசாமி மாட்டேன் என்றார். மறுநாளும் போனாள். பொங்கல் நெருங்குகிறது, மனு தயாராக இருக்கிறது, அது போனால் உங்களுக்கும் மில் இல்லை, எங்கள் தெருவுக்கும் கூலி இல்லை, கெட்டது சுடுதண்ணியால் இல்லை, டீயால் என்று மூஞ்சிக்கு நேராகச் சொன்னாள். கடைசியில் தலைவலி தாங்காமல் ஒரு தொட்டி கொடுத்தார். இந்தத் தடவை ராமலிங்கம் சார் வாங்கிக் கொடுத்த தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு தொட்டியை விட்டு அவள் நகரவில்லை. சார் தள்ளி ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து, ஏதாவது சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் பாக்கைக் கடித்தார்.

அரிசி வெளுப்பாகவே வந்தது. ஊறின தண்ணீரைக் கோவிந்தசாமி கையில் அள்ளி முகர்ந்து பார்த்தார், இன்னொரு தடவையும் முகர்ந்தார். பைக்கை எடுத்துக்கொண்டு போனார். போனது அஞ்சலை வீட்டுக்கு. மில் கட்டிய நாளிலிருந்து அந்தத் தெருவுக்குள் அவர் வந்ததில்லையாம். சனம் முழுக்க வாசலில் நின்று பார்த்தது. "அஞ்சல, நாளைக்கு வேலைக்கு வந்துடும்மா" என்றார். கையில் காசில்லாமல், நடவு வேலையும் கிடைக்காமல் கடன் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த வீடு அது. கலைவாணியே "போம்மா" என்கிற மாதிரி பார்த்தாள். அடுத்த அறுவடை நெல் வந்து குவிவதற்குள் அத்தனை தொட்டிக்கும் குழாய் வந்து, குழியும் வெட்டி, ஊர்க்காரர்கள் மனுவைக் கிழித்துப்போட்டார்கள் என்றால், அதற்கு என் திட்டமோ விதியோ காரணமில்லை. அன்றைக்கு அஞ்சலை நிலைப்படியில் நின்று, களத்துப் பெண்கள் அத்தனை பேரும் கேட்கச் சொன்ன பதில்தான்.

"ஒரு தொட்டிதான மாத்தியிருக்குது மொதலாளி? மீதியையும் மாத்திட்டு சொல்லி அனுப்புங்க, வரேன்."

அந்த வருஷம் உருப்படியாக வேலை செய்த ஒரே ஜோடி நான் சேர்த்து வைக்காத தாயும் மகளும்தான் என்பதைச் சென்னை ஆபீசுக்கு எழுதினால் என் வேலைக்கு உலை வைத்துவிடுவார்கள் என்று, ஜோடிப் பொருத்தம் பிரமாதம் என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.