முன்பலகையில் முதலாளி

காற்றில் சம்பான் படகை நேராகப் பிடிக்கக் கைப்பலம் போதும் என்பார்கள். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியைச் சொன்னதற்குத்தான் பினாங்கில் என் முதல் வேலை போனது.

என் முதலாளி கப்பல்களுக்குக் கோழியும் காய்கறியும் கொடுப்பவர். நல்ல கனத்த உடம்பு. சம்பானில் முன்பலகையில்தான் உட்காருவார். கப்பல்காரர்கள் முதலில் அவரைப் பார்க்க வேண்டும். கோழி நாற்றமும் அவர் பக்கம் வரக் கூடாது. அதனால் காய்கறி மூட்டைகள் நடுவில், கோழிக்கூண்டுகள் பின்னால், நின்று துடுப்புத் தள்ளும் என் காலடியில். ஜெட்டியில் எல்லா முதலாளிகளுக்கும் அதுதான் மரியாதை.

அன்று வடக்கிலிருந்து பலத்த காற்று. கப்பல் எங்களுக்கு நேர் எதிரே, புறப்படத் தயாராக நின்றது. “கப்பல விட்டே, நாளைக்கு ஜெட்டிப் பக்கம் வராதே” என்று சொல்லிவிட்டுத்தான் முதலாளி சம்பானில் ஏறினார்.

பாதி வழியில் சம்பான் சொல்பேச்சுக் கேட்கவில்லை. முன்பக்கம் அவர் கனத்தில் அமுங்கிக் கிடந்தது. லேசான பின்பக்கத்தைக் காற்று தள்ளத் தள்ள, சம்பானின் மூக்கு காற்று வரும் வடக்கே, கெடாவைப் பார்த்துத் திரும்பியது. ஒற்றைத் துடுப்பில் உயிரைக் கொடுத்துத் தள்ளியும் பயனில்லை. கப்பலில் நங்கூரச் சங்கிலி ஏறும் சத்தம் கேட்டது.

“மொதலாளி, பின்னால வந்து உக்காருங்க. கூண்டெல்லாம் முன்னுக்குப் போகட்டும்.”

“என் சம்பான்ல என்னையே எழுப்புறியா சவரி? கோழி முன்னுக்கு, நான் பின்னுக்கா?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. துடுப்பை நிறுத்தினேன்.

“காத்துக்கு மொதலாளி யாருன்னு தெரியாது லா. எழுந்தா கப்பல். உக்காந்திருந்தா கரை.”

என் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினார். திட்டிக்கொண்டே தவழ்ந்து பின்னால் வந்தார். கூண்டுகளை முன்னே தள்ளினேன். மூக்கு எழும்பியது. கப்பலுக்குக் கொஞ்சம் வடக்கே குறிவைத்துத் தள்ளினேன். காற்று ஒதுக்கிக் கொண்டுபோய்ச் சரியாக ஏணியடியில் விட்டது. முன்பலகைக் கோழிகளைப் பார்த்துக் கப்பல்காரர்கள் சிரித்தார்கள். சரக்கு முழுவதும் மேலே ஏறியது.

கரைக்கு வந்ததும் என்னை வேலையிலிருந்து நிறுத்தினார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

பிறகொரு காற்று நாளில், வேறொருவருடைய சம்பானைத் தள்ளிக்கொண்டிருந்தேன். எதிரே அவர் சம்பான் வந்தது. முன்பலகையில் கோழிக்கூண்டுகள். பின்னால், புது ஆளின் காலடியில், முதலாளி. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புதிதாகத் துடுப்புப் பிடிப்பவர்களுக்குச் சொல்கிறேன். மூக்கு காற்றின் பக்கம் ஓடினால் துடுப்போடு மல்லுக்கட்டாதீர்கள்; கனத்தைப் பின்னுக்கு வாங்குங்கள். அந்தக் கனம் யாராக இருந்தாலும் எழுந்திருக்கச் சொல்லுங்கள். வேலை போனால் வேறு சம்பான் கிடைக்கும்.