சாய்ந்தமருதில் இறங்கக் கூடாது

என் வலது கைப் பெருவிரலில் ஒரு காய்ப்பு இருக்கிறது. பார்க்கிறவர்கள் தேங்காய் துருவி வந்ததென்று நினைக்கிறார்கள். நானும் மறுப்பதில்லை. உண்மையில் அது ஒரு பட்டனை அமத்தி அமத்தி வந்தது. நான்கே நாளில் வந்தது.

எனக்கு எழுதவும் தெரியாது, வாசிக்கவும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகளின் மகள்தான் எழுதுகிறாள். நான் கதைக்கிறபடியே எழுதினால் வாசிக்கிறவர்கள் ஓடிப்போவார்களாம். அதனால் புத்தகத் தமிழில் திருத்தித் திருத்தி எழுதுகிறாள். எங்கள் கோழியைப் பற்றி நான் சொன்ன பகுதியை முழுதாக வெட்டிவிட்டாள். பரவாயில்லை. அது நல்ல கோழி.

முதலில் இவளுடைய கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடற்கரை வீதியில் மணல் ஏறிக் கிடந்த இடத்தில் ஸ்கூட்டி சறுக்கி விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டில் வெடிப்பு. விரல் நுனி மட்டும் தெரிய முழங்கை வரை பிளாஸ்டர் போட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. நான் குளிசையும் தண்ணீரும் கொண்டு போனேன்.

"நோவுக்கு அழல்ல உம்மும்மா," என்றாள். "வியாழக்கிழமைக்கு அழுறன்."

வியாழக்கிழமைக்கு ஏன் ஒரு பிள்ளை அழ வேண்டும் என்று கேட்டேன். அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது.

பழைய கம்பியூட்டர் விளையாட்டு ஒன்று இருக்கிறதாம். ஒரு குட்டி உருவம் ஓடும், பாயும், பள்ளம் தாண்டும், கடைசியில் ஒரு கொடியைத் தொடும். அவ்வளவுதான். அந்த விளையாட்டில் பைத்தியமான பிள்ளைகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் அதே மாதிரித் தாங்களே புதிதாகச் செய்து, ஒருவருக்கொருவர் அனுப்பி விளையாடுவார்கள். விற்பதில்லை. ஆசைக்குச் செய்வது. ஆனால் முடிந்தவரை கஷ்டமாகச் செய்வார்கள். எந்த அளவுக்குக் கஷ்டமோ அந்த அளவுக்கு மதிப்பு. அவர்களுக்குள் போட்டி வைத்து, ஐந்து நடுவர்கள் விளையாடிப் பார்த்துப் பத்துக்குப் புள்ளி போடுவார்கள். அந்த ஐந்து கதிரையில் ஒன்றுக்கு இவள் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த முறைதான் கிடைத்தது. ஆறு விளையாட்டு. வியாழக்கிழமை அஸர் தொழுகைக்கு முன் புள்ளி போக வேண்டும். போகாவிட்டால் கதிரை வரிசையில் நிற்கும் அடுத்த ஆளுக்கு.

முடிவு வரை விளையாடாமல் புள்ளி போடக் கூடாது என்பது அவர்களுடைய சட்டம். அது நல்ல சட்டம். கல்யாண வீட்டில் கூடி இருந்து தின்கிற சஹன் தட்டில் பாதியிலேயே கை கழுவி எழும்பிப் போய், கறி சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்கிறவர்கள் எங்களிடமும் இருக்கிறார்கள். நான் பேர் சொல்லவில்லை. அவர்களுக்கே தெரியும்.

இடது கையால் முயன்று பார்த்தாள். உருவம் நின்ற இடத்திலேயே நின்றது. தாயைக் கேட்டாள். என் மகள் குசினியிலிருந்து, "எனக்கு மீன் கழுவவே நேரமில்ல, நீ பாயச் சொல்றாய்," என்றாள். அப்போது நான் சொன்னேன், தா, நான் அமத்துகிறேன், நீ சொல்லு என்று.

"உங்களுக்கு ஏலாது உம்மும்மா. டீவி ரிமோட்டயே தலைகீழாப் புடிக்கிற ஆள் நீங்க."

"தலைகீழாப் புடிச்சும் நியூஸ் வந்ததா இல்லயா?"

வந்தது.

திங்கட்கிழமை தொடங்கினோம். அந்தக் கருப்புச் சாமானை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். இடது விரலால் நடத்துவது, வலது விரலால் பாய்வது. பிஸ்மி சொல்லி அமத்தினேன். உருவம் நேரே போய் முதல் பள்ளத்தில் விழுந்து செத்தது. "இன்னாலில்லாஹி," என்றேன். மறுபடி எழும்பி வந்தது. மறுபடி விழுந்தது. நானும் மறுபடி சொன்னேன். ஒரு சாவு, ஒரு மவுத்து என்றால் சொல்லத்தானே வேண்டும். அன்று காலையில் மட்டும் எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

"ஆரு கா மவுத்து?"

நான் லெப்டொப்பைக் காட்டினேன். அவள் கிட்ட வந்து குனிந்து பார்த்தாள்.

"பாவம். என்ன வயசாம்?"

"ஒரு நிமிசம் கூட இல்ல," என்றாள் என் பேத்தி.

அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரியும் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டாள். சோறு வடிக்க மட்டும் எழும்பிப் போய் வந்தாள்.

முதல் விளையாட்டை முடித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அதில் வானத்திலிருந்து கல் விழும். நிழல் தெரியாது, சத்தம் கேட்காது, சும்மா நடந்து போகிற உருவத்தின் தலையில் விழும். பேத்தி, "கஷ்டமான கேம், ஏழு போடுவமா?" என்றாள். இரண்டுக்கு மேல் போடாதே என்றேன்.

"ஏன் உம்மும்மா?"

"நம்மட ஒழுங்கையில தண்ணி ஓடுற கானுக்கு மூடி ஒண்டு இல்லாமக் கிடக்கா? அதுல ஆரும் விழுந்தா அது விழுந்தவன்ட கவனக்குறைவு. ஆனா அந்தக் குழிக்கு மேல ஒருத்தன் ஒரு பன்பாய விரிச்சு வெச்சா? அது கஷ்டமில்ல புள்ள. அது களவு."

அவள் இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி எழுதிக்கொண்டாள். அதிலிருந்து, ஒவ்வொன்றும் முடிந்ததும் என்னிடம் கேட்கத் தொடங்கினாள். இன்னொன்றில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு பலகை வைத்து, இங்கே இதைச் செய், அங்கே அதைச் செய் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு என்ன தெரியும்? விழுந்துகொண்டே இருந்தேன். நல்ல விளையாட்டு எழுதிக் காட்டாது. முதலில் சின்னப் பள்ளம் ஒன்றைக் காட்டும், பிறகு அதே மாதிரிப் பெரிய பள்ளம் காட்டும். அப்போது எழுத்துத் தெரியாதவளுக்கும் விளங்கும். அதற்கு நான்கு.

சுற்றுகிற வாள் வந்தபோதுதான் சிக்கல். அது வரும், போகும். சரியான நேரத்தில் பாய வேண்டும். "ஒண்டு, ரெண்டு, மூணு எண்ணுங்க," என்றாள் பேத்தி. எண்ணினால் எனக்கு அவசரம் வந்துவிடுகிறது. அப்போது என் வாயில் தானாக வந்தது பஸ். எங்கள் கரையோர ரோட்டில் எத்தனையோ வருடம் பஸ்ஸில் போய் வந்தவள் நான். போர்டு வாசிக்கத் தெரியாது. கொண்டக்டர் கூப்பிடுகிற ஒழுங்கைத்தான் மனதில் வைத்திருக்கிறேன். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர். அந்த ராகத்திலேயே சொல்லிப் பார்த்தேன். வாள் ஒரு சுற்றுச் சுற்ற ஒரு ஊர். பாண்டிருப்பில் பாய்ந்தேன், தப்பினேன். கல்முனையில் பாய்ந்தேன், தப்பினேன். பக்கத்து வீட்டுக்காரி கை தட்டினாள்.

இப்படியே செவ்வாய்க்கிழமை இரண்டு, புதன்கிழமை ஒன்று என்று ஐந்து முடிந்தது. ஆறாவதுதான் எங்களைப் பிடித்துக்கொண்டது.

அந்த ஆறாவது விளையாட்டு அழகாக இருந்தது. கீழே கருங்கடல், மேலே அசைகிற பலகைகள். கடைசியில் எட்டு வாள் வரிசையாக. எட்டையும் ஒரே மூச்சில் தாண்ட வேண்டும், இடையில் நிற்க இடமில்லை. எட்டு வாள், எட்டு ஊர். எனக்கென்றே செய்த மாதிரி இருந்தது. பெரியநீலாவணை, தாண்டினேன். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, தாண்டினேன். சாய்ந்தமருது. செத்தேன்.

மறுபடி. சாய்ந்தமருதில் செத்தேன். பேத்தி ஒவ்வொரு மவுத்துக்கும் பிளாஸ்டரில் பேனையால் ஒரு கோடு போட்டாள். புதன்கிழமை பொழுதுபட்டு மஃரிப் ஆகும்போது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கோடு. வியாழக்கிழமை காலையில் அடுத்த பக்கம் திருப்பினாள். லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் பிளாஸ்டரில் இடமில்லை. அவள் முகம் சுருங்கிப் போயிருந்தது. அஸருக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான்.

"நீங்க அந்த எடத்தில கைய எடுக்கிறீங்க உம்மும்மா."

"எடுக்கல்ல."

"எடுக்கிறீங்க. நான் பார்த்துக்கிட்டுத்தான் இரிக்கன். கைய எடுத்து முக்காட்டச் சரி பண்றீங்க. மறுகா பக்கத்தில எதையோ தேடுறீங்க."

பக்கத்து வீட்டுக்காரியும், "ஓம், பேக்கைத்தான் தேடுறா," என்றாள்.

அப்போதுதான் எனக்கே விளங்கியது. நாங்கள் இருப்பது சாய்ந்தமருதில். கொண்டக்டர் சாய்ந்தமருது என்று கூப்பிட்டால் நான் இறங்க வேண்டும். எத்தனை வருடப் பழக்கம். வாய் அந்த ஊரைச் சொன்னதும் உடம்பு இறங்கத் தயாராகிவிடுகிறது. நான் முக்காட்டைச் சரிசெய்து, பையை எடுத்து, பஸ்ஸை விட்டு இறங்க, அந்த உருவம் கடலுக்குள் இறங்கியிருக்கிறது.

"அப்ப ஊர மாத்திச் சொல்லுங்க. பொத்துவில் பக்கம் போங்க," என்றாள் பேத்தி.

அந்தப் பக்கத்து ஊர்கள் எனக்கு ஒழுங்காக வராது. நான் அறுகம்பேக்கு ஒரே ஒரு தரம் வேனில் போனவள், அதுவும் நித்திரையில்.

"சரி, அப்ப நிந்தவூருக்குப் போறதா நினைங்க. நிந்தவூர் உம்மும்மாட ஊட்ட போறீங்க. அதுக்கு முன்னால எங்கயும் இறங்கக் கூடா."

நிந்தவூரில் என் தங்கச்சி இருக்கிறாள். நினைத்துப் பார்த்தேன். சாய்ந்தமருதில் செத்தேன். கண்ணை இறுக்கி நினைத்தேன். செத்தேன்.

"சும்மா நினைச்சாக் காணாது புள்ள. போறண்டு மனசில உறுதியா நிய்யத்து வேணும். நான் போகப் போறல்லண்டு என்ட விரலுக்குத் தெரியும்."

"அப்ப நிய்யத்து வெயுங்க."

"போகாம எப்படி நிய்யத்து வெக்கிற? போனத் தா."

தங்கச்சிக்குப் போன் எடுத்துத் தந்தாள். பெரிய ஸ்பீக்கரில் போட்டாள்.

"ராத்தா, என்ன இந்த நேரத்தில? ஆருக்கும் ஒண்ணுமில்லயே?"

"ஒண்ணுமில்ல. சனிக்கிழம நான் வாறன். பஸ்ஸிலதான் வாறன்."

"என்ன விசேசம்?"

"விசேசமில்ல. சாய்ந்தமருதத் தாண்டோணும்."

"ராத்தா, பிரசர் குளிச போட்டாயா?"

"போட்டன். நீ என்னத்த ஆக்குவாய்?"

"உனக்கென்ன வேணும்?"

"நெய்ச்சோறும் எறச்சியும். எலும்போட."

"சரி, வாவன். வராம இரிந்திராத, எறச்சிக்குச் சொல்லிருவன்."

போனை வைத்தேன். இறைச்சிக்கே சொல்லிவிட்டால் இனிப் போகத்தானே வேண்டும். கருப்புச் சாமானைக் கையில் எடுத்தேன். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை. சாய்ந்தமருது என்று சொன்னபோது என் முக்காடு நழுவியது, நான் விட்டுவிட்டேன். மாளிகைக்காடு ஒட்டிக்கொண்டு கிடக்கிற ஊர், மூச்சு விட நேரமில்லை. காரைதீவு. நிந்தவூர். உருவம் கொடியில் போய்த் தொங்கியது. பக்கத்து வீட்டுக்காரி, "அல்ஹம்துலில்லாஹ், பெரிய பாரமொண்டு தலையால பெய்த்து," என்று சொல்லி அழுதுவிட்டாள்.

அந்த விளையாட்டுக்கு எத்தனை என்று பேத்தி கேட்டாள். ஒன்பது என்றேன்.

"இவ்வளவு தரம் கொன்னு போட்டதுக்கு ஒன்பதா?"

"அது ஒருநாளும் பொய் சொல்லல்ல. வாள் வாற நேரத்துக்குத்தான் வந்தது. நான்தான் இறங்கினன்."

எல்லாம் எழுதி முடித்து அனுப்பப் போனபோது ஒரு கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. ஆர் விளையாடியது என்று கேட்டிருந்தார்களாம். பேத்தி நின்றுவிட்டாள்.

"உண்மையப் போட்டா கதிர போயிரும் உம்மும்மா."

"போடாட்டி நம்மட புள்ளியெல்லாம் பாய விரிச்ச குழி."

அவள் என்னை முறைத்தாள். வெளியே பள்ளிவாசலில் அஸருக்கு மைக் தட்டுகிற சத்தம் கேட்டது. இடது கை ஒரு விரலால் குத்தினாள். விளையாடியது என் உம்மாவின் உம்மா, அவருக்கு வாசிக்கத் தெரியாது, என் கை உடைந்திருக்கிறது. அனுப்பிவிட்டு லெப்டொப்பை மூடி, அதன்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். என்னுடைய தவறு அதில் ஒன்றுமில்லை, ஆனாலும் தேத்தண்ணீரில் சீனி கூடப் போட்டுக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆண்கள் வீட்டுக்கு வருகிற நேரம் பதில் வந்தது. அவள் முதலில் தனியாக வாசித்தாள். பிறகு சத்தமாக, எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னாள். நடுவர்மார் கூடிப் பேசினார்களாம். வேறு ஆள் விளையாடக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லையாம், அப்படி ஒன்று நடக்கும் என்று ஒருவரும் நினைக்கவில்லையாம். புள்ளிகள் செல்லும். கதிரை போகவில்லை. ஆனால் அந்தக் கதிரையில் இனி இரண்டு பேர், அடுத்த போட்டிக்கும் அப்படியே.

"எனக்கு அரைக் கதிர," என்றாள் பேத்தி. "ரெண்டு வருசம் கேட்டது முழுக் கதிர."

"ஓரமா இரி. நான் மெலிஞ்ச ஆள்தானே."

நான் மெலிந்த ஆள் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்தினாள், பிளாஸ்டர் கையால்.

கடிதத்தின் கீழே ஆறாவது விளையாட்டைச் செய்த ஆளும் ஒரு கேள்வி கேட்டிருந்தார். ஒன்பது கிடைத்தது சந்தோசம், அந்த ஒரு புள்ளி எதற்குக் குறைந்தது என்று. நான் உடனே சொன்னேன். அவ்வளவு தூரம் பாய்ந்து வந்த பிள்ளைக்குக் கொடியடியில் ஒரு மிடறு தண்ணீர் கொடுக்க ஆளில்லை. சும்மா கம்பத்தில் தொங்குகிறது.

"இதயெல்லாம் எழுத ஏலாது உம்மும்மா. நடுவர் கதைக்கிற கதையா இது?"

"நான் அரை நடுவர். என்ட அரைய எழுது."

எழுது, எழுதமாட்டேன் என்று நாங்கள் இருவரும் இழுபட்டுக்கொண்டிருக்க, குசினியிலிருந்து என் மகள் அகப்பையோடு எட்டிப் பார்த்தாள்.

"நடுவர்மார் ரெண்டு பேரும் எழும்பிச் சோறு தின்ன வாங்க," என்றாள். "சோத்துக்கு ஊத்துற ஆணத்துக்கு ஆரும் புள்ளி போட்டா நாளைக்கு ஆக்கமாட்டன்."