வத்தலக்குண்டில் கேட்ட கேள்வி

கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில்தான் செய்தி வந்தது. "நம் மார்க்கர் சவரி காலமானார்." அதன் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். கைகள் முடிவதற்குள் ஓர் உறுப்பினர் கேட்டிருந்தார்: "அப்ப சண்டே மேட்சுக்கு டேபிளை யார் ரெடி பண்றது?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபப்பட எனக்கு யோக்கியதை உண்டா என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

சவரிமுத்து அவர்கள் பள்ளங்கிக்காரர். முதல் பஸ்ஸில் கொடைக்கானலுக்கு வந்து, எங்கள் கிளப்பின் பூல் டேபிளை இருபத்தாறு வருடம் பார்த்துக்கொண்டார். பந்துகளை அடுக்குவதும் புள்ளி சொல்வதும் பச்சைத் துணியைத் துடைத்துத் தேய்ப்பதும் மார்க்கர் வேலை. உறுப்பினர்கள் கூப்பிட்டால் அவர்களோடு ஆடலாம். போட்டிகளில் ஊழியர்களுக்கு இடமில்லை.

நான் இங்கே ஒரு தங்கும் விடுதி நடத்துகிறேன். கிளப் கூடத்தில் தொங்கும் சாம்பியன் பலகையில் என் பெயர் தங்க எழுத்தில் நான்கு முறை இருக்கிறது. சவரிமுத்து ஆடாத போட்டிகளில் வாங்கிய பெயர் அது. ஆலையில்லாத ஊருக்கு நான் இலுப்பைப்பூ.

அவருடைய ஆட்டமே சைடில்தான் இருந்தது. வெள்ளைப் பந்தை நடுவில் அடிக்காமல் ஓரத்தில் தட்டுவதுதான் சைடு. வலப்பக்கம் தட்டினால், அது முதலில் கொஞ்சம் இடப்பக்கம் விலகும். பிறகு சுழற்சி துணியைப் பிடித்துக்கொள்ள, மெல்ல வளைந்து திரும்பும். எங்கள் ஊர் மூடுபனியில் துணி எந்நாளும் நமத்தே இருக்கும். பந்து சீக்கிரமே திரும்பிவிடும். அதனால் அவர் விலகலைக் கணக்கில் எடுக்காமல் நேராகவே குறி வைப்பார். "துணி கூட்டியாந்துரும் சார், நாம போக விட்டாப் போதும்" என்பார். சொன்னபடியே கூட்டி வரும்.

பதினோரு வருடம் முன்பு மதுரையில் யாரும் ஆடக்கூடிய ஒரு போட்டி அறிவித்தார்கள். அப்போதைய செயலாளர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "அங்க ஜெயிச்சுட்டு வா சவரி. அடுத்த வருஷத்துலருந்து நம்ம டோர்னமென்ட்ல நீயும் ஆடு. ஜெயிச்சா பலகைல உன் பேரையும் எழுதுறோம்." எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். என் காரிலேயே அழைத்துப்போவதாகச் சொல்லி, அதற்கும் கைதட்டல் வாங்கிக்கொண்டேன்.

மலையிறங்கி வத்தலக்குண்டில் டீ குடிக்க நிறுத்தினோம். அவர் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். நெற்றியெல்லாம் வேர்வை.

"சார், நீங்க மதுரையில ஆடிருக்கீங்கள்ல? கீழ டேபிளெல்லாம் எப்படிங்க சார் இருக்கும்?"

ஆடியிருக்கிறேன். அதற்கு இரண்டு வருடம் முன்பு அங்கே முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வியவன் நான். அங்கே ஏசி அறை, புதுத் துணி, காய்ந்த துணி. சைடு வைத்தால் பந்து விலகும், வளைந்து திரும்புவதற்குள் குறியைத் தாண்டிப் போய்விடும். தோற்றுத்தான் இதைக் கற்றுக்கொண்டேன். அவரிடம் சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். ஆனால் கண்ணுக்குள் அந்தப் பலகை நின்றது. என் பெயருக்குக் கீழே மார்க்கரின் பெயர்.

"டேபிள் டேபிள்தான் சவரி" என்றேன்.

முதல் ஆட்டமே அவருக்குக் கடைசி ஆட்டம். சைடு வைத்த ஒவ்வொரு அடியும் விரல்கடை தப்பியது. கறுப்புப் பந்து பாக்கெட்டின் வாயில் நின்றது, அதையும் விட்டார். நிமிர்ந்து, அந்தத் துணியை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் பார்த்தார். நான் செல்போனைப் பார்த்தேன்.

ஊர் திரும்பியதும் செயலாளர் சிரித்தார். "நம்மகிட்ட காட்டுற வித்தை வெளிய பலிக்காதுப்பா." நானும் சேர்ந்து, "பதறிட்டான்" என்றேன். ஆம், 'பதறிட்டான்' என்றுதான் சொன்னேன். சவரிமுத்து அவர்கள் பந்துகளை அடுக்கினார். அதன்பின் பதினோரு வருடம் எனக்குப் பந்து அடுக்கினார், புள்ளி சொன்னார். ஒருநாளும் முகம் மாறவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

போன வருடம், புதிதாகச் சேர்ந்த டாக்டர் ஒருவர் கோயம்புத்தூரில் ஆடப் போவதாகச் சொன்னார். சவரிமுத்து துணியைத் துடைத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்:

"கீழ போனா சைடு வைக்காதீங்க டாக்டர் சார். துணி காஞ்சு கெடக்கும். பந்து வெலகிப் போகும், திரும்பாது. நடுவுல அடிங்க. வேற யார்கிட்டயும் கேக்காதீங்க. டேபிள் டேபிள்தான்னு சொல்லிருவாங்க."

நான் இரண்டடி தள்ளி நின்று க்யூ கோலின் நுனிக்குச் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் துடைத்து முடித்துவிட்டு, எப்போதும்போல என் பக்கம் திரும்பி, "உங்க ஆட்டம் சார்" என்றார். அன்று என்னால் ஆட முடியவில்லை. மன்னிப்புக் கேட்கவுமில்லை. பிறகு கேட்கலாம் என்று தள்ளிப்போட்டேன்.

அடக்கம் பள்ளங்கிக் கல்லறைத் தோட்டத்தில் நடந்தது. கிளப்பிலிருந்து மாலையோடு வந்தவர்கள் 'விசுவாசமான ஊழியர்' என்று பேசினார்கள். நாம் நாய்க்கும் வேலைக்காரருக்கும் வைத்திருக்கும் பாராட்டு அது. குழியில் ஒரு பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பியபோது, அவருடைய மனைவி திரேசம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்க கார்ல மதுரைக்குக் கூட்டிட்டுப் போனதத்தான் சார் கடைசிவரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாரு. பெரிய மனுசன், என்னையும் சமமா ஒக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனாருன்னு."

சவரிமுத்து தன் வீட்டில்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அங்கேயும் நான் வாய் திறக்காமல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அறிவிப்புப் பலகைக்கு இரங்கல் எழுதித் தரும்படி கிளப்பில் என்னைத்தான் கேட்டார்கள். எழுதிவிட்டேன். இதைச் சாம்பியன் பலகையின் கீழே, என் பெயர் தெரிகிற இடத்தில் ஒட்டுங்கள். ஒட்ட மனமில்லையென்றால் பரவாயில்லை. திரேசம்மாளுக்கு ஒரு பிரதியை நானே கொண்டுபோய்க் கொடுத்து, அவர் படித்து முடிக்கும்வரை எதிரில் நிற்கப் போகிறேன்.

சவரிமுத்து அவர்களே, வத்தலக்குண்டில் நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான்: கீழே துணி காய்ந்திருக்கும். சைடு வைக்காதீர்கள். நடுவில் அடியுங்கள்.

போய்வாருங்கள்.