ரெண்டு பக்கமும் சரியாம்

எங்கள் ஸ்கேன் சென்டருக்குக் கடலூரில் ஒரு கம்பெனியின் நெட்வொர்க், சிதம்பரம் கிளையில் வேறொரு கம்பெனியுடையது. இரண்டுமே வெளியாள் நுழைய முடியாத தனி நெட்வொர்க்தான். ஆனால் ஒன்றோடொன்று பேசாது. சிதம்பரத்தில் எடுத்த படத்தை சிடியில் போட்டு, நோயாளியின் மாமாவோ மச்சானோ பஸ் ஏறிக் கடலூர் டாக்டரிடம் கொண்டுவருவார். இரண்டையும் இணைப்பது என் பொறுப்பு. சாயங்காலத்துக்குள் முடியாவிட்டால் சென்னை ஆட்களிடம் கொடுத்துவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். “நீ ரிசப்ஷன் பாத்துக்கலாம்மா, அங்க ஆள் வேணும்.” ரிசப்ஷனாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு கம்பெனி இன்ஜினியர்களையும் தனித்தனியாகப் போனில் பிடித்தேன். இருவரும் சொன்னது ஒரே பதில்தான்: எங்க பக்கம் சரியாத்தான் இருக்கு மேடம், அவுங்களக் கேளுங்க. இரண்டு நெட்வொர்க்கும் சந்திக்கிற எல்லையில் எங்களுக்கென்று ஓர் அடையாள எண் உண்டு. இரு பக்கமும் அது ஒன்றாக இருந்தால்தான் உள்ளே விடும். படிக்கச் சொன்னேன். ஆளுக்கொரு எண் வைத்திருந்தார்கள். ஒருவர் எண்ணை மற்றவருக்குச் சொன்னதும், பார்க்கிறோம் என்று வைத்துவிட்டார்கள்.

மத்தியானமும் படம் வரவில்லை. மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டேன். கடலூர்க்காரர் சத்தமில்லாமல் சிதம்பரத்து எண்ணுக்கு மாறியிருந்தார். சிதம்பரத்துக்காரர் அதேபோல் கடலூர் எண்ணுக்கு. மாற்றினேன் என்று வாய்விட்டுச் சொன்னால் கௌரவம் போய்விடுமே!

இருவரையும் ஒரே லைனில் சேர்த்தேன். அடுத்த கம்பெனிக்காரரோடு நேரடியாகப் பேசுவது வழக்கமில்லை என்றார் கடலூர்க்காரர். உங்கள் வழக்கத்துக்காக என் வேலையை விட முடியாது.

“பேச வேணாம் சார், கேட்டாப் போதும். நீங்க எதுலயும் கை வைக்காதீங்க. சிதம்பரம் சார் மட்டும் பழைய நம்பருக்கு மாத்துங்க. நான் சொல்ற வரைக்கும் யாரும் போனை வைக்கக் கூடாது.”

சிதம்பரம் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. சிதம்பரத்தில் அப்போதுதான் எடுத்த யாரோ ஒருவரின் முழங்கால் என் திரையில் வந்து நின்றது. அந்த முழங்காலைக் கட்டிப் பிடிக்கலாம் போலிருந்தது.

முதலாளி போனைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டே வந்தார். சென்னை ஆள் நாளைக் காலையில் வருகிறாராம்.

திரையை அவர் பக்கம் திருப்பினேன். “வரட்டும் சார். ரிசப்ஷன்ல ஆள் வேணும்னீங்களே.”