வாடகைக்குப் போன ஆலிவ் மரங்கள்

நர்சரித் தொழிலில் செடி வாடினால், பழி முதலில் தண்ணீர் ஊற்றுகிறவர் தலையில்தான் விழும். துபாய்க்குப் பக்கத்தில் அஜ்மானில் அப்பா நடத்தும் நர்சரியில் அந்தப் பழியைச் சுமந்தவர் செல்வராஜ் அண்ணன், ராமநாதபுரத்துக்காரர். பூட்டிய வீட்டுக்குள் இருந்த மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை என்று அவரை ஊருக்கே அனுப்பச் சொன்னார்கள். வாடிக்கையாளர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டி வயிறு எரிந்தவர்கள் இதைப் படித்தால், வாருங்கள், சேர்ந்தே எரிவோம்.

போட்டோவுக்குப் போதும்

இப்போது இங்கே வில்லா விற்பனை தங்க வேட்டை மாதிரி நடக்கிறது. நேற்றுவரை டிராவல்ஸ் நடத்தியவர்கூட இன்று வீட்டு ஏஜெண்ட். வீடு பார்க்க ஆள் வரும்போது மட்டும் வீடு பச்சைப்பசேல் என்று இருக்க வேண்டும். அதற்கு எங்களிடம் மரங்களை வாடகைக்கு எடுப்பார்கள்.

யுனிவர்சிட்டி இல்லாத நாட்களில் கவுண்டரில் நான்தான். கோட் போட்ட ஒரு சென்னைக்கார ஏஜெண்ட், எங்கள் பெரிய வாடிக்கையாளர், தொட்டியில் இருந்த ஆலிவ் மரங்களை இலை அடர்த்தி பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார். “வேரையும் பாருங்க சார்” என்றேன். சிரித்தார்.

“வேரை யாரும்மா பாக்கப் போறாங்க? போட்டோல வேர் விழாது.”

ஏசியில் கறிவேப்பிலை

வாங்கி வளர்ப்பவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? ஒரு அக்கா காய்ந்த கறிவேப்பிலைச் செடியோடு வந்து, “உங்க ஆள் கெட்ட செடியக் குடுத்துட்டார்” என்று செல்வராஜ் அண்ணனைக் கை காட்டினார். விசாரித்தால், வெயிலில் வாடுகிறதே என்று பாவப்பட்டு ஹாலில் ஏசிக்கு நேர் கீழே வைத்திருக்கிறார். வெயில் அதற்குச் சாப்பாடு என்று நான் வாதாடினேன். அண்ணன் தொட்டியை வாங்கி நிழல்வலைக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார். அக்காவுக்கு ஆறவில்லை.

“நாம எல்லாரும் ஏசியிலதானே உசுரோட இருக்கோம், இதுக்கு மட்டும் என்ன வந்துச்சு?”

சாவி யாரிடம்?

சென்னைக்காரர் ஆலிவ் மரங்களை வில்லாவின் ஹாலுக்குள் நிறுத்தினார். தினமும் போய்த் தண்ணீர் ஊற்றுவது செல்வராஜ் அண்ணன் வேலை என்று ஏற்பாடு. முதல் நாள் ஆட்கள் வீடு பார்த்துவிட்டுப் போனதும் அந்த ஏஜெண்ட் ஏசியை அணைத்து, வீட்டைப் பூட்டி, சாவியோடு கிளம்பிவிட்டார். அண்ணன் தண்ணீர்க் கேனோடு போய் கேட்டில் நின்றார். வாட்ச்மேன் “சாவி மாஃபி” என்று, இல்லை என்பதை அரபியில் சொல்லிக் கை விரித்தார். போன் அடித்தால் ஏஜெண்ட் எடுக்கவில்லை. அடுத்த பத்து நாளும் அதே கதை.

மரம் காய்ந்ததும் அவர் நர்சரிக்கு வந்து கத்தினார்: “அண்ணாச்சி, இந்த ஆள் விசாவை கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்புங்க. இல்லேன்னா நான் வேற நர்சரி பாத்துக்கறேன்.” அப்பா, “சாரி சார், பாக்கேன் சார்” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் மகள் இந்த வருடம்தான் பாலிடெக்னிக் சேர்ந்திருக்கிறாள். இவரை அனுப்பினால் அவள் படிப்பும் அதோடு நிற்கும். சாவி யாரிடம் இருந்தது என்று அப்பாவிடம் கேட்டேன். “ஏட்டி, செத்த சும்மா இரி” என்றார்.

வளைகுடாவுக்குப் பிழைக்க வந்த எங்களை ஒட்டகப் பாலையில் நட்ட செடிகள் என்று மேடையில் உருகுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. செடிக்காவது நிழல்வலை இருக்கிறது. இதை அண்ணனிடமே சொல்லி, சாவி விஷயத்தில் அந்த ஏஜெண்டை விடப்போவதில்லை என்றேன். குழாயை மூடிவிட்டுத் திரும்பினார்.

“வாதாடாதீங்க பாப்பா. நீங்க ஜெயிச்சாலும் என் விசா உங்க அப்பாகிட்டதான் இருக்கு.”

மூலையில் ஒன்று

மரங்களைத் திருப்பி எடுக்க அப்பா, அண்ணன், நான் மூவரும் போனோம். ஏஜெண்ட் கதவைத் திறந்ததும் அடுப்பைத் திறந்த மாதிரி அனல் முகத்தில் அடித்தது. தொட்டால் இலை நொறுங்கியது. வீட்டைக் காட்டுவதற்காக வாடகைக்கு வந்த சோபாவுக்குப் பின்னால், மூலையில், ஒரே ஒரு ஆலிவ் மட்டும் தளதளவென்று நின்றது.

“பாத்தீங்களா?” என்று ஏஜெண்ட் அதைக் காட்டினார். “அதே வீடு, அதே சூடு. அது மட்டும் எப்படி நிக்குது? உங்க ஆள் உள்ளே வந்திருக்கான், அதுக்கு மட்டும் ஊத்திட்டுப் போயிருக்கான். இப்பவாவது முடிவு சொல்லுங்க அண்ணாச்சி.”

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா மூலைக்குப் போனார். இலையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, வாழ்நாளில் முதல்முறையாக ‘சாரி’ இல்லாமல் ஒரு வாடிக்கையாளருக்குப் பதில் சொன்னார்:

“அது பிளாஸ்டிக்கு, சார். சோபா கொண்டாந்தவன் வச்சுட்டுப் போனது. நீங்க பூட்டுத வீட்டுல அதுதான் நிக்கும். செல்வராஜு எங்கூட வாரான்.”